ஆர்வியில் கழிவு ஹோஸையும் இணைப்புகளையும் எங்கே, எப்படி வைப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்வி, அதாவது சமையலறையும் கழிப்பறையும் உள்ள பயண வண்டி, வாங்கினாலும் சரி, வாடகைக்கு எடுத்தாலும் சரி, கழிவு டேங்கைக் காலி செய்யும் முறையை வண்டி கொடுப்பவரே செய்து காட்டிவிடுவார். காலி செய்து முடித்ததும் கையில் சொட்டிக்கொண்டிருக்கும் ஹோஸை என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. பல வண்டிகளில் அதற்கு ஒழுங்கான இடமும் இருக்காது. குடிநீர் ஹோஸும் கழிவு ஹோஸும் ஒரே பெட்டியில் உருள்வதும், பம்பர் மூடி கழன்று ஹோஸ் நெடுஞ்சாலையில் விழுவதும் இதனால்தான். இரண்டுமே தடுக்கக்கூடியவை.

இந்தப் பக்கத்தில் பிளாக் டேங்க் என்றால் கழிப்பறைக் கழிவு சேரும் டேங்க். கிரே டேங்க் என்றால் சிங்க், ஷவர் தண்ணீர் சேரும் டேங்க்.

கழிவுப் பக்கத்துச் சாமான் என்று எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்?

ஹோஸ் மட்டும் என்று நினைத்து இடம் பார்த்தால் பிறகு திண்டாட வேண்டியிருக்கும். 3 அங்குல விட்டமுள்ள ஹோஸ் பெரும்பாலும் 10 அடித் துண்டு இரண்டாக வரும். அதோடு ஒரு 5 அடித் துண்டு கூடுதலாக வைத்திருப்பது நல்லது. தரையிலுள்ள கழிவு வாயில் மாட்டும் 90 டிகிரி வளைவு இணைப்பு (எல்போ) ஒன்று வேண்டும். உள்ளே ஓடுவது தெரியும்படி கண்ணாடி போல் இருக்கும் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். மரை இல்லாத வாயில் இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம் (டோனட்) ஒன்று, ஒவ்வொரு ஹோஸ் முனைக்கும் ஒரு மூடி, இணைப்பு கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் உபரியாக இரண்டு, 3 அங்குல ஹோஸுக்கான ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இரண்டு, ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவர், கையுறைப் பெட்டி, டேங்க் அலசுவதற்கென்றே தனி நிறத்தில் ஒரு தோட்ட ஹோஸ், ஹோஸுக்கு அடியில் சரிவு கொடுக்கும் மடிப்புத் தாங்கி.

தாங்கிதான் எதிர்பாராமல் இடத்தை அடைக்கும். மடித்தாலும் அது ஒரு செங்கல்லைவிடப் பெரிதாக இருக்கும். அழுக்கான தரையில் கிடந்த பொருள் என்பதால் அதையும் கழிவுப் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

ஹோஸை உள்ளே வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

எங்கே வைக்கிறீர்கள் என்பதைவிட எந்த நிலையில் வைக்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம். தண்ணீர் வடியாத ஹோஸை எவ்வளவு நல்ல குழாயில் வைத்தாலும் நாறும்.

1. முதலில் பிளாக் டேங்க், அது முடிந்து வால்வை மூடியபின் கிரே டேங்க். ஹோஸின் முதல் அலசலை சோப்புத் தண்ணீரே செய்துவிடும். இதற்காகவே, காலி செய்யப் போகும் நாளுக்கு முன் கிரே டேங்கில் போதுமான தண்ணீரைச் சேர்த்து வையுங்கள்.

2. இரண்டு வால்வும் மூடியிருக்கின்றனவா என்று கைப்பிடியைத் தள்ளிப் பாருங்கள். கடைசிக் கால் அங்குலம் உள்ளே போகாமல் நிற்பது சகஜம். அடுத்த முறை மூடியைக் கழற்றும்போது காலில் கொட்டுவது அந்தக் கால் அங்குலத்தால்தான்.

3. தரையிலுள்ள முனையை அப்படியே விட்டுவிட்டு, வண்டிப் பக்கத்து முனையை மட்டும் கழற்றி இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். அங்கிருந்து தரை வாயை நோக்கி ஹோஸைக் கைமாற்றித் தூக்கிக்கொண்டே நடங்கள். ஹோஸில் வரிவரியாகப் பள்ளம் இருப்பதால் ஒரு தடவை தூக்கினால் எல்லாம் வடியாது. இரண்டு தடவை நடக்க வேண்டும்.

4. தூக்கிப் பிடித்த முனை வழியாக, அலசும் ஹோஸால் ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீர் விடுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட வேண்டாம், ஒரு சாண் இடைவெளியிலிருந்து பாய்ச்சினால் போதும். எல்போவில் ஓடும் தண்ணீர் தெளிவாகும்வரை விடுங்கள்.

5. மறுபடியும் இரண்டு தடவை தூக்கி நடந்து வடியுங்கள். அதன் பிறகுதான் தரை முனையைக் கழற்ற வேண்டும். கழற்றிய கையோடு அதற்கு மூடி போடுங்கள்.

இதில் அதிகம் நடக்கும் தவறு, அவசரத்தில் இரண்டு முனையையும் ஒரே சமயத்தில் கழற்றுவது. நடுப்பள்ளத்தில் நிற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் அப்போது உங்கள் செருப்பில்தான் விழும்.

பின் பம்பருக்குள் வைக்கும்படி வண்டியே அமைந்திருக்கிறது. அது போதாதா?

இழுவை டிரெய்லர்களில் பின் பம்பர் பெரும்பாலும் 4 அங்குலச் சதுர இரும்புக் குழாய். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஹோஸ் அதற்குள் போகும் என்பதால் பல ஆண்டுகளாக அதுவே வழக்கம். வைக்கலாம். ஆனால் மூன்று குறைகளைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

முதலாவது, அளவு. குழாயின் வெளி அளவுதான் 4 அங்குலம், உள் அளவு அதைவிடக் குறைவு. வண்டி வாயில் மாட்டும் பயோனெட் இணைப்பு, அதாவது கொக்கி மாட்டித் திருகும் இணைப்பு, பல ஹோஸ்களில் கொக்கியோடு சேர்த்து 4 அங்குலத்தைத் தாண்டிவிடும். எல்போவைக் கழற்றினால் போகும் ஹோஸ்களும் உண்டு, எதைக் கழற்றினாலும் போகாதவையும் உண்டு. புது ஹோஸ் வாங்கும் முன் பம்பரின் உள் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரண்டாவது, துரு. அந்தக் குழாயின் உள்பக்கத்தில் பெயின்ட் இருக்காது. ஈர ஹோஸை உள்ளே வைத்து இரண்டு பக்கமும் மூடினால் இரும்பு உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டை மாட்டிக்கொண்டு போவார்கள். வெல்டு வைத்த இடத்தில் அது முறியும். இரண்டு முனையிலும் அடிப்பக்கம் கால் அங்குலத் துளை போட்டால் தண்ணீர் வடியும், காற்றும் போகும். ஏற்கெனவே துளை இருந்தால் சேறு அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை டார்ச் அடித்து உள்ளேயும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மூடி. அது உராய்வில் மட்டுமே நிற்கிறது. வெயிலில் தளர்ந்து, வண்டி குலுங்கக் குலுங்கக் கழன்றுவிடும். அதற்குப் பின்னால் ஹோஸும் மெல்ல நழுவி வெளியே வரும். பின்னால் வரும் காரின் கண்ணாடியில் அது மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடி, பம்பர் இரண்டையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு பூட்டு ஊசி (பின்) செருகுங்கள். மூடியை ஒரு சிறு கேபிளால் பம்பரோடு கட்டியும் விடுங்கள். இரண்டும் சேர்ந்து பத்து நிமிட வேலை.

பம்பர் ஒத்துவரவில்லை. செலவு குறைந்த, உறுதியான வழி எது?

வினைல் வேலிக் கம்பம். வீடு கட்டும் சாமான் கடைகளில் வேலிப் பகுதியில் கிடைக்கும் 5-க்கு 5 அங்குல வெள்ளைக் கம்பம்தான் ஆர்வி வைத்திருப்பவர்கள் அதிகம் கையாளும் வழி. எடை குறைவு, துருப்பிடிக்காது, உள்ளே கொக்கி இணைப்போடு ஹோஸ் தாராளமாகப் போகும். 4 அங்குல வட்ட பிவிசி குழாய் இதற்குச் சரிவராது. அதன் உள் விட்டமும் ஏறக்குறைய 4 அங்குலம்தான், இணைப்பு சிக்கிக்கொள்ளும். வட்டக் குழாய்தான் வேண்டும் என்றால் 6 அங்குலத்துக்குப் போக வேண்டும், அதற்கு வண்டிக்கு அடியில் உயரம் போதாது.

நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். தடித்த நல்ல ஹோஸ் சுருக்கினால் அதன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வரும். ஆனால் ஒவ்வொரு தயாரிப்பும் வேறுபடும். எனவே உங்கள் ஹோஸை மூடிகளோடு தரையில் வைத்து, இரண்டு கையாலும் சாதாரணமாகச் சுருக்கி அளந்து, அதோடு 6 அங்குலம் கூட்டுங்கள். முழு பலத்தோடு அமுக்கி அளந்தால், குழாய்க்குள் ஹோஸ் ஸ்பிரிங் போல் விரிந்து இறுகி, அடுத்த முறை இழுக்க வராது. இரண்டு 10 அடித் துண்டுகளை அடுத்தடுத்து வைக்க 8 அடிக் கம்பம் பெரும்பாலும் போதும். அதை வண்டியின் குறுக்கே வைக்க நினைத்தால் ஒரு எல்லை உண்டு: அமெரிக்கச் சாலைகளில் வண்டி அகலம் பொதுவாக 102 அங்குலம் வரை, அதாவது எட்டரை அடி. கம்பமோ மூடியோ வண்டிப் பக்கத்தைத் தாண்டி நீட்டக்கூடாது.

வேலை முறை இது. ஒரு முனையில் கம்ப மூடியை பிவிசி பசையால் நிரந்தரமாக ஒட்டுங்கள். மறு முனை மூடியில் 2 அங்குல ஸ்டெயின்லெஸ் கீல் ஒன்றும், எதிர்ப்பக்கம் ஒரு கொண்டியும் பொருத்துங்கள். வினைல் சுவர் மெல்லியது. மர ஸ்க்ரூவோ தானே துளைக்கும் ஸ்க்ரூவோ வண்டி அதிர்வில் சில மாதங்களில் பிடுங்கிக்கொண்டு வரும். போல்ட், அகல வாஷர், கழலாத நைலான் நட் போட வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய சேதத்தைத் தடுக்கும். போல்ட்டின் வழவழப்பான உருண்டைத் தலை கம்பத்தின் உள்பக்கம் வர வேண்டும், நட்டும் மரையும் வெளியே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மரை, ஒவ்வொரு மைலிலும் ஹோஸின் ஒரே இடத்தில் ரம்பம் போல உரசும். ஹோஸின் நடுவில் காரணமில்லாமல் ஒரே வரிசையில் ஊசித் துளைகள் தெரிந்தால் அந்த மரையைத்தான் தேட வேண்டும்.

அடிப்பக்கத்தில் அடிக்கு ஒன்றாகக் கால் அங்குலத் துளை போடுங்கள். கம்பத்தை 8 அடிக்கு ஓர் அங்குலம் சரியும்படி மாட்டினால் ஈரம் தங்காது. தாங்கும் பட்டை இரண்டு மூன்று அடிக்கு ஒன்று வேண்டும். பட்டையை மிகவும் இறுக்க வேண்டாம், வெயிலில் வினைல் நீளும்.

கொண்டி இருந்தாலும் அதன் துளையில் ஒரு ஆர்-கிளிப், அதாவது R வடிவக் கம்பி ஊசி, செருகுங்கள். கம்பத்தை நீளவாக்கில் மாட்டினால், திறக்கும் முனை வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்கட்டும். முன்பக்கம் பார்த்தால் காற்றும் சேறும் மூடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வண்டிக்கு அடியில் எந்த இடத்தில் மாட்டக்கூடாது?

எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கும் பக்கத்தில் வேண்டாம். பிவிசி 60 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், அதைத் தாண்டினால் தொய்ந்துவிடும். நம்பர் பிளேட்டையோ விளக்கையோ மறைக்கும் இடமும் வேண்டாம். பின் சக்கரத்துக்கு வெகு பின்னால், மிகத் தாழ்வாக மாட்டினால் பெட்ரோல் பங்க் சரிவிலேயே தரை தட்டும்.

அடிப்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் தகடால் மூடப்பட்ட வண்டிகளில் அந்தத் தகட்டில் ஸ்க்ரூ இறக்கவே கூடாது. அதற்குப் பின்னால்தான் டேங்க், தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் இருக்கின்றன. சட்டத்தின் முக்கிய இரும்பின் மேல் கீழ் விளிம்புகளில் துளை போடுவதும் தவறு, பாரத்தைத் தாங்குவது அந்த விளிம்புதான். விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு, அதிலிருந்து ஒரு எல் கோண இரும்பைத் தொங்கவிட்டுக் கம்பத்தை அதில் மாட்டுங்கள்.

கடையில் விற்கும் ஹோஸ் குழாய் வாங்கலாமா?

தாராளமாக. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையும் உண்டு. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: கொக்கி இணைப்பு உள்ளே போகிறதா, கதவைப் பூட்டும் பாகம் உலோகமா. பிளாஸ்டிக் கொண்டி முதல் குளிர்காலத்திலேயே உடைவது வழக்கம்.

பிளாஸ்டிக் பெட்டியிலோ வாளியிலோ வைத்தால் போதாதா?

ஸ்டோரேஜ் பே, அதாவது வெளியிலிருந்து திறக்கும் சாமான் அறை, தாராளமாக உள்ள வண்டிக்கு அது நல்ல வழிதான். மூடி இறுகப் பூட்டும் பெரிய பெட்டியில் ஹோஸ், மூடி திருகும் 5 காலன் வாளியில் எல்போ, டோனட், மூடிகள், கிளாம்ப் என்று பிரித்து வைக்கலாம். கையுறையையும் கைகழுவும் சோப்பையும் அந்த வாளிக்குள் போடாதீர்கள். சுத்தமான கை முதலில் தொட வேண்டியவை அவை. பே கதவின் உள்பக்கம் ஒரு பையில் தொங்கவிடுங்கள்.

பெட்டி அழுக்காகும் என்பதை ஏற்றுக்கொண்டு அதன் மேல் எல்லாப் பக்கமும் பெரிய எழுத்தில் ‘கழிவு’ என்று எழுதுங்கள். சாமான் இறக்க உதவ வரும் நண்பரோ குழந்தையோ அதைத் திறந்து பார்க்கத் தேவையில்லாமல் போகும்.

குடிநீர் ஹோஸையும் அதே பேயில் வைக்கலாமா? இடம் இல்லை.

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள். நோரோவைரஸ், ஹெபடைடிஸ் ஏ, ஈ.கோலி எல்லாம் மலத்தின் வழியே பரவுபவை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, குடிநீர் ஹோஸின் முனையில் பட்டால் அது நேராக அரிசி களையும் தண்ணீருக்கு வந்துவிடும்.

பெரிய மோட்டார் ஹோம்களில் கழிவு வாயும் குடிநீர் இணைப்பும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் வருவதுண்டு. அப்படியிருந்தால் குடிநீர் ஹோஸ், பிரஷர் ரெகுலேட்டர், ஃபில்டர் மூன்றையும் முனைகளை ஒன்றோடொன்று திருகி மூடி, வேறொரு பேயிலோ வண்டிக்குள்ளேயோ வையுங்கள். வேறு இடமே இல்லாத வண்டியில் குடிநீர்ப் பொருள்கள் மூடிய பெட்டியில் மேலே, கழிவுப் பொருள்கள் மூடிய பெட்டியில் கீழே. சொட்டுவது எப்போதும் கீழ்நோக்கித்தான் சொட்டும்.

நிறமும் உதவும். குடிநீர் ஹோஸ் பெரும்பாலும் வெள்ளை அல்லது நீலம். அலசும் ஹோஸை ஆரஞ்சு, சாம்பல், பச்சை என்று வேறு எந்த நிறத்திலாவது வாங்குங்கள். வந்து சேர்ந்ததும் முதலில் குடிநீர் இணைப்பு, கடைசியில் கழிவு. கிளம்பும்போதும் முதலில் குடிநீர் ஹோஸைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, பிறகுதான் கையுறை போட வேண்டும். டம்ப் ஸ்டேஷனில், அதாவது டேங்கைக் காலி செய்யும் பொது இடத்தில், கழிவு வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய் அலசுவதற்கு மட்டுமே. குடிநீர் ஹோஸை அதில் மாட்டவே கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட.

பிளீச் ஊற்றிக் கழுவ வேண்டுமா?

ஹோஸுக்கு ஒவ்வொரு முறையும் தேவையில்லை. நன்றாக அலசி வடித்தால் போதும். அடிக்கடி பிளீச் பட்டால் ரப்பர் கேஸ்கெட் கெட்டியாகும். கையால் தொடும் இணைப்புகள், மூடிகள், பே தரை ஆகியவற்றுக்குப் பயன்படுத்துங்கள்: ஒரு காலன் தண்ணீருக்கு 5 மேசைக்கரண்டி, அதாவது மூன்றில் ஒரு கப், வீட்டு பிளீச். ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்கவிட்டு அலசுங்கள்.

முன்னதாகவே தண்ணீரால் நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். சிறுநீரில் உள்ள அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். வினிகரோ வேறு அமிலக் கிளீனரோ சேர்த்தாலும் அப்படித்தான். மூடிய சாமான் அறைக்குள் தலையை விட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

நன்றாக அலசித்தான் வைக்கிறோம். ஆனாலும் புளித்த நாற்றம் வருகிறது. ஏன்?

பலர் பிளாக் டேங்கைக் குற்றம் சொல்வார்கள். புளித்த நாற்றம் என்றால் காரணம் பெரும்பாலும் கிரே டேங்க்தான். நம் சமையலில் இது அதிகம். கஞ்சித் தண்ணீர், சாம்பார் சட்டி கழுவிய தண்ணீர், தாளித்த எண்ணெய் எல்லாம் சிங்க் வழியே போய் கடைசியில் ஹோஸின் வரிப்பள்ளங்களில் படியும். எண்ணெய்ப் படலத்தில் சோற்றுப் பருக்கையும் கடுகும் கறிவேப்பிலைத் துணுக்கும் ஒட்டிக்கொள்ளும். மூடி போட்ட ஹோஸுக்குள் வெயிலில் அது இரண்டே நாளில் புளித்துவிடும். வால்வின் ரப்பர் விளிம்பில் பருக்கை சிக்கினால் வால்வு முழுதாக மூடாமல் சொட்டவும் செய்யும்.

தட்டையும் சட்டியையும் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க் வாயில் மெல்லிய சல்லடை வையுங்கள். சோறு வடிப்பதைவிட குக்கரில் அளவாகத் தண்ணீர் வைப்பது வண்டியில் வசதி. நாற்றம் ஏற்கெனவே பிடித்திருந்தால் ஹோஸின் ஒரு முனையை மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில கரண்டி விட்டு உள்ளே ஊற்றி, மறு முனையையும் மூடி, ஹோஸை இரண்டு பக்கமும் மாறி மாறித் தூக்கிக் குலுக்குங்கள். அரைமணி ஊறவிட்டுக் கழிவு வாயில் கொட்டுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், ஹோஸ் வடிவம் இழக்கும்.

ஈரத்தோடு மூடி போடலாமா, திறந்து வைக்கலாமா?

பயணத்தில் இரண்டு முனையிலும் மூடி கட்டாயம். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் கழற்றி, ஹோஸை விரித்து, நிழலில் ஒரு முனை உயரமாக இருக்கும்படி ஒரு நாள் காயவிடுங்கள். நிழலில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடர்ந்து வெயில் பட்டால் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். ஏணியிலோ கூரையிலோ கட்டி வைக்கும் ஹோஸ் சீக்கிரம் போவதும் இதனால்தான்.

இணைப்பில் கசிகிறது. ஹோஸை மாற்ற வேண்டுமா?

முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள். பயோனெட் இணைப்பின் உள்விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஹோஸ் குழாய்க்குள் உராயும்போது அது கழன்று காணாமல் போவது மிகச் சாதாரணம். விரலால் தடவினால் ஒரே சீராக மெத்தென்று இருக்க வேண்டும். வெடிப்போ திருகலோ தட்டுப்பட்டால் மாற்றுங்கள். விலை சொற்பம், வழியில் கிடைக்காதது.

அந்த வளையத்தில் பூசுவதற்கு சிலிக்கோன் கிரீஸ் போதும். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் சில வகை ரப்பரை உப்பச் செய்யும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மாட்டும்போது எல்லாக் கொக்கியும் வண்டி வாயின் முனைகளில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டாலும் கைக்கு இறுகியது போலவே இருக்கும். வால்வைத் திறந்த கணத்தில் மொத்தமும் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஊசித் துளை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டேப் ஒட்டலாமா?

ஒரு முனையை மூடி, மறு முனையை உயரமாகப் பிடித்துத் தண்ணீர் நிரப்புங்கள். வெளியே காய்ந்த காகிதத்தால் துடைத்துக்கொண்டே வந்தால் ஈரம் படும் இடம் தெரியும். பருவத்தின் முதல் பயணத்துக்கு முன்பு வீட்டு முற்றத்தில், சுத்தமாகக் காய்ந்த ஹோஸில் இதைச் செய்யுங்கள்.

டேப் நிற்காது. துளை முனையிலிருந்து ஒரு அடிக்குள் இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இணைப்பை மீண்டும் ஏற்றிக் கிளாம்ப் போடலாம். நடுவில் இருந்தால் அந்தத் துண்டின் ஆயுள் முடிந்தது. 20 அடி ஒரே ஹோஸாக வாங்காமல் இரண்டு 10 அடியாக வாங்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். ஒன்று போனாலும் மற்றது பயணத்தை முடித்துத் தரும்.

குளிர்காலத்தில்?

பள்ளங்களில் நிற்கும் தண்ணீர் உறைந்து ஹோஸைக் கிழிக்கும். உறைந்து விறைத்த ஹோஸை இழுத்து விரித்தால் மலிவான வினைல் பொட்டென்று வெடிக்கும். பருவம் முடிந்ததும் நன்றாகக் காயவைத்து, அமுக்காமல் தளர்வாக விட்டு, உறையாத ஓரிடத்தில் வையுங்கள். நீண்ட நாள் அமுக்கி வைத்த ஹோஸ் வசந்தத்தில் முழு நீளத்துக்கு விரியாது. வண்டியோடு தங்கும் பயணத்தில் ஹோஸ் பம்பருக்குள் உறைந்துவிட்டால் இழுத்துப் போராட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பொறுத்திருங்கள்.

குழாய்க்குள் குளவி கூடு கட்டுகிறது.

துளைகளுக்கு மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலையை உள்பக்கமிருந்து ஒட்டுங்கள், வடிகாலும் அடைபடாது. கோடையில் மூடியைத் திறக்கும் முன் குழாயை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

எங்களுடையது சிறிய வேன். 3 அங்குல ஹோஸுக்கு இடமே இல்லை.

கழிவை அரைத்துத் தள்ளும் மேசரேட்டர் பம்ப் உள்ள வேன்களில் ஒரு அங்குலம் அல்லது அதற்கும் குறைந்த ஹோஸ் போதும். அதைச் சுருட்டி மூடிய பெட்டியில் வைத்துவிடலாம். ஆபத்து ஒன்று உண்டு. பார்ப்பதற்கு அது சாதாரணத் தோட்ட ஹோஸ் போலவே இருக்கும். இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, வேறு எந்த வேலைக்கும் அதை எடுக்காதபடி பூட்டிய பெட்டியில் வையுங்கள். பம்ப் நின்றபின் ஹோஸில் நிற்பது ஒரு பக்கம் தூக்கினால்தான் வடியும்.

வாடகை வண்டி எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சாவி வாங்கும் முன் வண்டியின் இடப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம் போங்கள். கழிவு வாய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஹோஸை வெளியே எடுத்து முழுக்க விரிக்கச் சொல்லுங்கள். கேஸ்கெட் இருக்கிறதா, கிளாம்ப் இறுக்கமா, எல்போ இருக்கிறதா, இரண்டு மூடியும் உண்டா என்று பார்த்து, இல்லாததை ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குங்கள். கழிவு ஹோஸோடு குடிநீர் ஹோஸும் ஒரே பெட்டியில் கிடந்தால் அந்தக் குடிநீர் ஹோஸைத் தொடாதீர்கள், வேறு கேளுங்கள். தராவிட்டால் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முந்தையவர் எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அடுத்த நிறுத்தம் பக்கத்தில்தான். ஹோஸை வண்டி வாயில் மாட்டியபடியே மேலே கட்டிக்கொண்டு போகலாமா?

போகக்கூடாது. குலுங்கலில் வால்வு சிறிது திறந்தாலும் ஹோஸ் நிறைந்து, கனத்தில் அறுந்து விழும். சாலையில் ஊற்றுவது சட்டப்படியும் குற்றம். கழற்றி, வடித்து, மூடி, குழாய்க்குள் தள்ளி, பூட்டு ஊசியைச் செருகப் பழகியவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும். கிளம்பும் முன் வண்டி வாயின் மூடி இறுகியிருக்கிறதா என்றும், குழாய் மூடியில் கிளிப் இருக்கிறதா என்றும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றுங்கள். பிறகு 20 வினாடி சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடியுங்கள்.